வெளிப்பக்கம் எடுத்த எஸ்ரா

எஸ்ரா பர்ல்சன் ஷூவையும் காலுறையையும் கழற்றிச் சுவரோரம் வைத்துவிட்டு, உள்பக்கமாகச் சரிந்த பந்தயத் தடத்தில் வெறுங்காலோடு நடக்கிறான். செப்டம்பர் வெயிலில் தார் கொதிக்கிறது. சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற தரகனைப்போல, வளைவுக்கு வளைவு நின்று குதிகாலை அழுத்திப் பார்க்கிறான். ஓரிடத்தில் முகம் சுளிக்கிறான். இன்னோரிடத்தில் தலையாட்டுகிறான்.

"காலு வெந்துரும்டா மாப்ளே" என்று டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் அவன் தாய்மாமன் ஹார்லன் ட்ரிவெட் கத்துகிறார்.

"வெந்தா வேகட்டும் மாமா. இந்தக் கீழ்வரிசை பூரா வழுவழுன்னு இருக்கு. மேல, சுவத்தோரம், சொரசொரங்குது. காலு பொய் சொல்லாது."

ஹார்லன் வாயில் அடக்கியிருந்த புகையிலையைத் துப்பினார். இதே கோல்ட் ரிட்ஜ் தடத்தில் அவர் ஓட்டிய வருஷங்கள் கொஞ்சமா? முட்டி போகும்வரை ஓட்டினார். ஒரு நாளாவது பூட்ஸைக் கழற்ற வேண்டும் என்று தோன்றியதா? வெறுங்காலில் நடக்கக் காசா, படிப்பா? ஒன்றும் வேண்டாம். அந்த யோசனை இத்தனை காலம் தனக்கு வராமல் நேற்று மீசை முளைத்தவனுக்கு வந்ததே, அதுதான் அவர் தொண்டையில் முள்ளாக நின்றது.

எஸ்ராவுக்கு இருபது வயது. மலையிறங்கி இரண்டு மணி நேரம் போனால் வருகிற கல்லூரியில் இயந்திரப் பொறியியல் மூன்றாம் வருஷம். வியாழன்வரை வகுப்பு. வெள்ளிக்கிழமை பழைய டிரக்கில் ஊர் திரும்பி, மாமனின் பழைய வண்டிக் கிடங்குக்கு நேரே வந்து காருக்கடியில் படுத்துவிடுவான். சனிக்கிழமை பந்தயம். ஞாயிறு அம்மாவோடு சர்ச். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைச் சுருக்குகிறார்கள். எவ்வளவு தேய்த்தாலும் பந்தயப் பெட்ரோல் வாடை லேசில் போகாது. அவனோடு ஒரே மேசையில் ஒரு பருவம் முழுக்க இருந்த பெண், இவன் எங்கோ பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறான் என்றே நினைத்திருந்தாளாம். இவனும் திருத்தவில்லை. "கேக்கல, சொல்லல" என்பான்.

அவன் ஓட்டுவது ஸ்டாக் கார். வெளியே பார்த்தால் சாலையில் போகிற வண்டியின் சாயல். உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டு, ஒரே ஒரு இருக்கை. கதவு கிடையாது, ஜன்னல் வழியாகத்தான் நுழைய வேண்டும். பந்தயத்துக்கு முன்னால் மற்ற பையன்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டும் தொடை ஆட்டிக்கொண்டும் திரிவார்கள். எஸ்ரா கூண்டுக்குள் இறங்கி, கால் இரண்டையும் ஜன்னலுக்கு வெளியே போட்டு, மடியில் வெப்பவியல் புத்தகத்தை வைத்துக்கொள்வான். தாள் இல்லாவிட்டால் டயரில் குறி போடுகிற சுண்ணக்கட்டியை எடுத்து டயரிலேயே கணக்குப் போடுவான்.

"இது என்னடா, கோழி கெளறி வெச்ச மாதிரி? எது என் குறி, எது உன் கணக்குன்னு தெரியலையே!" என்று டயர்க்காரர் பட் அலறுவார்.

"விடை சரியா இருந்தா அத மட்டும் அழிக்காதீங்க பட்."

மாட்டிறைச்சி ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியைத் தகரத்தாளில் சுற்றி எங்காவது செருகிவிட்டு, புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்துத் தூங்கியும்விடுவான். சுற்றிலும் நாற்பது இஞ்சின்கள் உறுமும். பிள்ளை குறட்டை விடுவான். ஹார்லனுக்கு அந்த வயதில் பந்தயத்தன்று ஒரு வாய் சோறு இறங்கியதில்லை. தூங்குகிறவனைப் பார்க்கப் பார்க்க அவருக்கு எரியும். பயமில்லாமல் பிறப்பதும் ஒரு சொத்துதானே. அதுவும் அவன் பங்குக்கே போய்விட்டது.

இன்னொரு வழக்கம். ஓட்டத்தில் எவன் காரையாவது இடித்துத் திருப்பிவிட்டால், அடுத்த வாரம் மாவுக்குள் பீச் பழம் பொதிந்து அம்மா நோரீன் சுட்ட பலகாரத்தை எடுத்துக்கொண்டு அவன் கூடாரத்துக்குப் போவான். சண்டைக்குத் தயாராக நிற்கிறவன்கூட, சூடான பலகாரத்தைக் கையில் வாங்கிய பிறகு எப்படிக் குத்துவான்? முன்னணி ஓட்டுநர் கீனர் நாற்பது வயதுக்காரன், முரடன். அவனே விரலை நக்கிக்கொண்டு சொன்னான்: "தம்பி, அடுத்த வாரம் இடிக்காத. ஆனா பலகாரத்தக் கொண்டாந்துரு." ஹார்லன் காலத்தில் இடித்தவனுக்குக் கிடைத்தது ஸ்பானர் அடி. அவர் புருவத்தில் தழும்பு இன்னும் இருக்கிறது.

ஹார்லனைப் பற்றிச் சும்மா சொல்லக்கூடாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். இழுவை வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு பள்ளத்தில் கிடந்த கார்களைத் தூக்கித் தூக்கியே, இன்று மலைச்சரிவு முழுக்க வண்டி நிற்கும் கிடங்குக்கு முதலாளி. யாரிடமும் கைகட்டி நின்றதில்லை. எஸ்ரா ஓட்டுகிற காரின் கூண்டில் பற்றவைத்த ஒவ்வொரு ஒட்டும் அவர் கைவேலை. ஆனால் கோல்ட் ரிட்ஜில் அவர் ஒருமுறைகூட முதலாவதாக வந்ததில்லை. இரண்டாவது வந்திருக்கிறார், பலமுறை. அந்தக் கோப்பைகளை வைக்க வீட்டில் தனி அலமாரி உண்டு. விருந்தாளிகளிடம் "எல்லாம் நான் ஜெயிச்சது" என்பார். யாரும் குனிந்து அடியில் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை.

பந்தயத்தில் அவர் வேலை ஸ்பாட்டர். பார்வையாளர் மேடையின் கூரைமேல் நின்று, காதில் கருவி மாட்டி, கீழே ஓடுகிற மருமகனுக்குக் கண்ணாக இருக்க வேண்டும். கழுத்தை அசையவிடாமல் கட்டிப்போட்டிருக்கும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் எவன் வருகிறான் என்று தெரியாது. பக்கத்தில் ஆள் இருந்தால் "இருக்கான்." முழுசாகத் தாண்டிவிட்டால் "கிளியர்." அந்தச் சொல் கேட்டதும் ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டு உள்பக்கம் இறங்கலாம். ஓட்டுநரின் உயிர் இந்த இரண்டு சொல்லில் தொங்குகிறது.

எஸ்ரா வெறுங்காலோடு தடத்தை அளந்த அந்தச் சனிக்கிழமைதான் வருஷத்தின் கடைசிப் பெரிய ஓட்டம். கீனர் முதலில், எஸ்ரா இரண்டாவது. முடிய எட்டுச் சுற்று இருக்கும்போது பின்னால் எவனோ சுழன்று நிற்க, மஞ்சள் கொடி. எல்லோரும் மெதுவாக உருண்டார்கள். மறுபடி இரண்டு வரிசையாகக் கிளம்புமுன் தடத்தில் வரைந்திருக்கும் முக்கோணத்தைத் தாண்டும்போது ஒவ்வொருவனும் பக்கம் தேர்ந்தெடுக்க வேண்டும். இடம் போனால் உள்பக்கம், வலம் போனால் வெளிப்பக்கம். கீனர் யோசிக்காமல் உள்ளே போனான். கோல்ட் ரிட்ஜில் வெளிப்பக்கம் எடுத்து ஜெயித்தவன் இல்லை. சுற்று நீளம், ஓரத்தில் சுவர்.

"கீனர் பின்னாலயே உள்ள வாடா" என்றார் ஹார்லன்.

"மேல போறேன் மாமா. அங்க சொரசொரப்பு."

"கிறுக்கா உனக்கு? இங்க எத்தன வருஷம் ஓட்டினவன் சொல்றேன்!"

"தெரியும் மாமா" என்றான் பையன், மரியாதையாகவே. முக்கோணத்துக்கு வலப்பக்கம் போனான்.

பக்கத்தில் நின்ற கீனரின் ஸ்பாட்டர் ஒடெல் சிரித்தார். "என்ன ஹார்லன், உங்க வீட்டுக் காலேஜ் உங்க பேச்சக் கேக்காது போலயே!"

பச்சைக் கொடி. இரண்டு கார்களும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு முதல் வளைவில் புகுந்தன. எஸ்ரா சுவருக்கு ஒரு சாண் விட்டு மேலே போனான். வழுக்கவில்லை. கால் பொய் சொல்லவில்லை. இரண்டாம் வளைவு முடிந்து நேர்த்தடத்துக்கு வந்தபோது கீனர் காரின் மூக்கு எஸ்ராவின் பின்சக்கரத்துக்கும் பின்னால் போயிருந்தது. பிறகு முழுசாக விலகியது. இரண்டு காருக்கும் நடுவே வெறும் தடம் தெரிந்தது. கூரையிலிருந்து பார்க்கிற எவனுக்கும் தெரிந்தது.

ஒரு சொல்தான். சொன்னால் பையன் உள்ளே இறங்குவான், கீனர் பின்னால் அடைபட்டுவிடுவான், ஓட்டம் முடிந்தது. இருபது வயது. கல்லூரியும் இருக்கிறது, தூக்கமும் வருகிறது, இதுவும் கிடைத்துவிடும். திங்கட்கிழமை பரீட்சை எழுதப் போய்விடுவான். இதற்காக முட்டியைக் கொடுத்தவன் அலமாரியைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டும். மைக் பொத்தான்மேல் இருந்த விரலை ஹார்லன் அழுத்தவில்லை.

"மாமா?" காதில் குரல் வந்தது.

"இருக்கான்" என்றார் ஹார்லன்.

ஒடெல் சட்டென்று திரும்பிப் பார்த்தார். தன் ஆளுக்குத்தான் லாபம் என்றாலும் மனிதர் முகம் கறுத்தது. "என்னய்யா இது? காலியாத்தானே கெடந்துச்சு?"

"உம்ம வேலயப் பாரும்."

எஸ்ரா இறங்கவில்லை. கீழ்வரிசை சுற்று குட்டை. அடுத்த வளைவிலேயே கீனர் உண்மையாகவே பக்கத்தில் வந்துவிட்டான். அதன்பின் ஹார்லனுக்குப் பொய் சொல்லத் தேவையிருக்கவில்லை. "இருக்கான். இருக்கான். இன்னும் இருக்கான்." சுற்றுக்குச் சுற்று சுவர் நெருங்கியது. ஒருமுறை பின்முனை சுவரில் தட்டித் தீப்பொறி பறந்தது. மேடையின் கூரையில்லாத முன்வரிசையில் நோரீன் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டதை ஹார்லன் மேலிருந்து பார்த்தார். "மெல்லடா... சுவரு, சுவரு... கண்ணு, மெல்ல!" என்று தன்னை அறியாமல் கத்தினார். மைக்கை அழுத்தவே மறந்திருந்தார். பையனுக்கு ஒன்றும் கேட்டிருக்காது.

கடைசி வளைவை விட்டு இரண்டு காரும் சேர்ந்தே வந்தன. கோட்டில் எஸ்ராவின் மூக்கு ஒரு முழம் முன்னால் இருந்தது.

மேடை இடிந்துவிடும்போலிருந்தது. வெளிப்பக்கமாகவே எட்டுச் சுற்று! ஹார்லன் ஏணியில் இறங்கியதும் ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். "பெருசு, என்ன நெஞ்சழுத்தம்யா உனக்கு! கடைசிவரைக்கும் பையன மேலயே நிறுத்தி வெச்சியே!" பட் கட்டிக்கொண்டு தூக்கியே விட்டார். வேறு நாளாக இருந்தால் ஹார்லன் இதைக் கேட்டு ஒரு மணி நேரம் பேசியிருப்பார். ஒடெல் மட்டும் எதிரே வந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனார்.

எஸ்ரா ஜன்னல் வழியே ஏறிக் காரின் கூரைமேல் நின்றுகொண்டிருந்தான். தலைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது. மாமனைக் கண்டதும் குனிந்தான்.

"மாமா, ரெண்டாவது வளைவு தாண்டினப்ப கண்ணாடில ஒண்ணுமே தெரியல. கிளியர்னுதான் நெனச்சேன். எறங்கிரலாம்னு ஸ்டியரிங்க ஒடிக்கக்கூடப் பாத்தேன்."

ஹார்லன் சுவரில் உரசிய பின்முனையைப் பார்த்தார். "அப்பறம்?"

"நீங்க இருக்கான்னீங்க. அப்ப இருக்கான்." பையன் சிரித்தான். "கண்ணாடிய நம்பியிருந்தா ரெண்டு பேரும் சுவத்துலதான்."

படம் எடுக்கிறவர், "ஸ்பாட்டரையும் மேல ஏத்துப்பா, வெளிச்சம் போகுது!" என்று கூவினார். கூட்டம் ஹார்லனை முன்னே தள்ளியது.

"வாங்க மாமா" என்று எஸ்ரா கையை நீட்டினான்.

ஹார்லன் தன் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தார். நீட்டிய கை அங்கேயே இருந்தது. அவர் மறுபடியும் துடைத்தார்.