நவம்பர்த் தட்டும் பெப்ரவரிக் கதவும்

எங்கள் அப்பா வலிகாமத்துச் செம்மண் ஊரொன்றில், வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்த குடும்பத்தில் நடுப் பிள்ளையாகப் பிறந்தார். மேலே ஒரு தமக்கை, கீழே ஒரு தம்பி. தகப்பனார் இளவயதிலேயே காலமாகிவிட, அப்பா பள்ளிக்கூடத்தை விட்டுத் தோட்டத்துக்கு இறங்கினார். தான் விட்ட படிப்பைத் தம்பியாவது படிக்கட்டும் என்பதே அவருடைய எண்ணம். அந்தத் தம்பிதான் எங்கள் சித்தப்பா. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகப் படி முதலில் ஏறியவன் நான் என்று உறவினர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. ஏறியிருக்க வேண்டியவர் அவர்.

போர்க்காலத்துப் பெரிய இடப்பெயர்வு ஒன்றின்போது குடும்பம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தது. வீட்டில் விட்டுவந்த சைக்கிளை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று போன சித்தப்பா திரும்பி வரவில்லை. அவரை உயிரோடு கண்டதாக எவரும் சொல்லவில்லை. இறந்து கிடக்கக் கண்டதாகவும் எவரும் சொல்லவில்லை. அப்பாவின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்த எனக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போக வழி தெரியவில்லை. அப்பாவும் தாண்டிப் போனவரல்லர்.

அம்மாவையும் கைக்குழந்தையான என்னையும் ஊரில் விட்டுவிட்டு அப்பா தனியாகக் கனடாவுக்கு வந்தார். மல்வேர்னில் நாலைந்து பேரோடு ஒரு அறையில் இருந்துகொண்டு, அஜக்ஸைத் தாண்டிக் கிழக்கே ஒரு கிராமத்துக் காளான் பண்ணைக்கு வேலைக்குப் போனார். விடிய முன்னரே ஒரு வான் வண்டி வந்து எல்லோரையும் அள்ளிக்கொண்டு போகும். அங்கே சில அயர்லாந்துக் குடும்பங்கள் மாடு வளர்த்தும் உருளைக்கிழங்கு போட்டும் வாழ்ந்தார்கள். அப்பா வேலைக்கும் வானுக்கும் நடுவில் அந்தக் கிராமத்தை யன்னல் கண்ணாடியூடாக மட்டுமே பார்த்திருந்தார்.

முதல் பனிக்காலத்தில், ஜனவரி முடிகிற அன்று மாலை, வான் பனியில் புதைந்துவிட்டது. உதவி கேட்க ஆங்கிலம் தெரிந்த எவரும் வானில் இல்லை. அப்பா இறங்கி, வெளிச்சம் தெரிந்த முதல் வீட்டுக்கு நடந்து போய்க் கதவைத் தட்டினார்.

அதன்பின் நடந்ததை அவர் எங்களுக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். "தட்டினன், அப்பன். நான் வாய் திறக்கேல்லை. உள்ளுக்கு ஒரு பத்துப் பேர் சேர்ந்து வா, வா, வா எண்டு கத்துதுகள். ஆரெண்டு கேக்கவே இல்லை. கதவைத் திறந்தால் முழுச் சனமும் என்னைப் பாத்துக்கொண்டு நிக்குது. மேசையில ஒரு தட்டு வேற வச்சிருக்குதுகள். எனக்கெண்டு நினைச்சிட்டன்."

அந்த வீட்டு வழக்கம் அப்பாவுக்கு எப்படித் தெரியும்? அயர்லாந்தின் பழைய கெல்ட்டிக் கமக்காரரின் ஆண்டு நான்கு பண்டிகைகளால் ஆனது. நவம்பர் தொடக்கத்தில் சவுயின்: பனிக்காலம் தொடங்கும், இறந்தவர்கள் வீட்டுக்கு வந்து போவார்கள். பெப்ரவரி தொடக்கத்தில் இம்போல்க்: வசந்தத்தின் முதல் அசைவு. அதற்கு முந்திய இரவு பிரிஜிட் என்னும் புனிதப் பெண் வீடு வீடாக நடந்து வருவதாக நம்பிக்கை. அவருக்கென்று மேசையில் ஒரு தட்டும் வைப்பார்கள். வீட்டார் ஒருவர் கோரைப்புல் கட்டோடு வெளியே நின்று மூன்று தரம் உள்ளே வரலாமா என்று கேட்க, உள்ளே இருப்பவர்கள் வரவேற்று அழைப்பார்கள். பிறகு அந்தப் புல்லில் சிலுவை பின்னிக் கதவுக்கு மேல் செருகுவார்கள். அன்று வெளியே நிற்க வேண்டியவர் அந்த வீட்டுக்காரி நோராவின் மகன். அவர் கொட்டிலில் புல்லுக்கட்டைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா வந்து தட்டிவிட்டார்.

நோரா அப்பாவின் தோளில் கிடந்த பனியைத் தட்டி, அந்தத் தட்டின் முன்னாலேயே இருத்திவிட்டார். வானில் இருந்தவர்களையும் உழவு இயந்திரத்தில் போய் ஏற்றிவந்தார்கள். சூப்பும் பாணும் கொடுத்துப் படுக்க இடமும் கொடுத்தார்கள். அன்று முதல் அந்த அம்மா எங்கள் வீட்டில் 'நோராக்கா' ஆனார்.

அப்பா அன்றிரவு ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். உலகத்தில் இப்படியும் ஒரு கதவு இருக்குமென்றால், தம்பி தட்டிய இடத்திலும் அப்படியொரு கதவு இருந்திருக்கலாம் அல்லவா?

நாங்கள் கனடா வந்து, தங்கை பிறந்து, அப்பா காளான் பண்ணையை விட்டு ஸ்காபரோவில் ஒரு தொழிற்சாலைக்கு மாறிய பின்னும், அந்த நான்கு நாட்களுக்கும் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கிராமத்துக்குப் போவார். பெப்ரவரியில் புல்லுக்கட்டோடு வெளியே நின்று, தம்பியின் இடத்திலிருந்து கேட்பவர் அவர்தான். மே மாதத்துப் பெல்டனாவுக்கு ஊர் மண்டபத்தின் பின்னால் நெருப்பு மூட்டுவார்கள். அம்மா எட்ட நின்று "அதுக்குள்ள குதிக்கப்போறியள், கவனம்" என்று கத்துவார். ஓகஸ்ட் லூனசாவுக்குப் புது மாவில் சுட்ட பாணை எல்லோருக்கும் பிய்த்துக் கொடுப்பார்கள். "எங்கட புது நெல்லுப் புதிர் எடுக்கிறது மாதிரித்தான்" என்று சொல்லி, அப்பா ஒரு முறை பொங்கல் பானையோடு போய் இறங்கினார். யாருக்காவது கூரை ஒழுகினால் மறுநாள் ஏணியோடு நாலு பேர் நிற்கிற கிராமம் அது. அப்பாவும் அந்த நாலு பேரில் ஒருவராக இருந்திருக்கிறார்.

பல்கலைக்கழக நூலகத்தில் இவற்றைப் பற்றி வாசித்துவிட்டு ஒரு நாள் அப்பாவுக்கு விளக்கம் சொல்லப் போனேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "உதுக்கே நீ யூனிவர்சிற்றிக்குப் போனனீ? நோராக்காவிட்டைக் கேட்டிருந்தால் தேத்தண்ணியும் தந்து சொல்லியிருப்பா" என்றார்.

நவம்பரில் அப்பா செய்த ஒரு பிழையை அந்தக் கிராமம் இன்றும் பேசிச் சிரிக்கிறது. சவுயின் மாலையில் நோராவின் மேசையில் இறந்தவர்களுக்கென்று ஒரு தட்டு வைப்பார்கள். ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் இறந்தவரின் பெயரைச் சொல்வார்கள். தட்டை ஒருவரும் தொடுவதில்லை. விடியும் வரை அப்படியே இருக்கும். அப்பாவுக்கோ அது படையல். பெயர் சொல்லி முடிந்ததும் பணிவாகச் சிறிது நேரம் பொறுத்திருந்துவிட்டு எழுந்து, அந்தத் தட்டை எடுத்து, எங்கள் வழக்கப்படி ஆளுக்குக் கொஞ்சமாக எல்லோர் தட்டிலும் போட்டுக்கொண்டே போனார். எல்லோரும் நோராவைப் பார்த்தார்கள். நோரா தன் பங்கைக் கையில் எடுத்தார். தன் கணவர் உயிரோடிருந்த காலத்திலும் தனியாக உண்ண விரும்பாதவர் என்று சொல்லி, அதைச் சாப்பிட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் நவம்பர்த் தட்டு பகிரப்படுகிறது.

அந்த மேசையில் அப்பா தன் தகப்பனாரின் பெயரையும் தாயாரின் பெயரையும் சொல்வார். சித்தப்பாவின் கதை அறிந்த நோரா, தம்பியின் பெயரையும் சொல்லவில்லையா என்று முதல் வருடம் கேட்டிருக்கிறார். அப்பா தலையை ஆட்டி, தன் ஆங்கிலத்தில், "நோ, நோ. ஹி பெப்ரவரி" என்றாராம். அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கியது.

விளங்கிக்கொள்ள மறுத்தவர் மாமி. அப்பாவின் தமக்கையான மாமி பிள்ளைகளோடு மார்க்கம் நகரில் வசிக்கிறார். தாயும் இல்லாமற்போன காலத்தில் சித்தப்பாவைத் தூக்கி வளர்த்தவர் அவர்தான். தம்பிக்கு ஒரு கடமையும் செய்யவில்லையே என்ற வேதனை அவருக்கு. ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து நேராகவே கேட்டார்.

"பன்னிரண்டு வருசம் கழிஞ்சால் தர்ப்பையில உருவம் செய்து காரியம் செய்யலாமெண்டு ஐயர் சொல்லிப்போட்டார். இன்னும் என்னத்துக்கு அவனைப் பசியோட அலைய விடுறாய்?"

"அவன் அலையிறான் எண்டு ஆர் அக்கா உங்களுக்குச் சொன்னது? எங்கையோ ஒரு வீட்டில இருந்து சாப்பிடுறான்."

"எந்த வீட்டில?"

"நான் சாப்பிட்ட வீடு மாதிரி ஒரு வீட்டில."

"உனக்கு அந்த வெள்ளைக்காரி ஏதோ மருந்து போட்டிட்டாள்" என்று சொல்லிவிட்டு மாமி எழுந்து போனார். அதன்பின் கலியாண வீடுகளில் இருவரும் வேறு வேறு வரிசையில் இருந்தார்கள். இருவரும் அழுதது ஒரே ஆளுக்காகத்தான்.

அப்பா அதிகம் பேசாதவர். பிறர் வீட்டுத் துயரத்துக்கு முதல் ஆளாகப் போய் நாற்காலி அடுக்குவார். சாப்பாட்டு நேரத்தில் ஆளைக் காணக் கிடைக்காது. புதிதாக வந்தவர்களைக் காரில் ஏற்றி வேலைக்குக் கொண்டுபோய் விடுவார். சிறுநீரகம் பழுதாகி, இரத்தச் சுத்திகரிப்புக்காக நாற்காலியில் மணிக்கணக்காகக் கிடந்த காலத்திலும் பக்கத்து நாற்காலிக்காரரின் பிள்ளைகளைப் பற்றித்தான் எங்களிடம் சொல்வார்.

அவருடைய கடைசிப் பெப்ரவரியில் அவரால் கிராமத்துக்குப் போக முடியவில்லை. முழங்கால் வலியோடிருந்த நோராவே மகனின் காரில் மல்வேர்னுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். அந்த முறையும் தான்தான் வெளியே நிற்பேன் என்று அப்பா அடம்பிடித்தார்.

"இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரே? இந்தக் குளிருக்குள்ள…" என்றார் அம்மா.

"அப்பா, ஆர் யூ சீரியஸ்? வெளியில மைனஸ் ட்வென்ரி" என்றாள் தங்கை.

"உள்ளுக்கு இருந்து வா எண்டு சொல்ல நீங்கள் இவ்வளவு பேர் இருக்கிறியள். வெளியில நிக்கிறவனுக்கு ஆர் இருக்கினம்?" என்றார் அப்பா.

போர்த்தி அனுப்பினோம். மூன்று தரமும் கேட்டார். மூன்று தரமும் அழைத்தோம். உள்ளே வந்து நடுங்கியபடி என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்பன், தம்பியை நவம்பருக்கு மாத்திப் போடாதை. கண்டனான் எண்டு ஒருத்தன் வந்து சொல்லுமட்டும் மாத்தாதை."

சென்ற ஆடியில், வீட்டார் சூழ்ந்திருக்க, அப்பா அமைதியாகக் கண்மூடினார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அன்று நான் தர்ப்பை மோதிரம் அணிந்து, உள்ளங்கையில் எள்ளும் தண்ணீருமாக உட்கார்ந்திருந்தேன். முன்னோரின் பெயர்களைச் சொல்லி முடித்த குருக்கள், "வேற ஆற்றையும் பேர் சேர்க்க இருக்கோ?" என்று கேட்டார். பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது.

"சொல்லு ராசா. சித்தப்பான்ரை பேரைச் சொல்லு. கொப்பருக்குத்தான் மனம் வரேல்லை. இப்ப உன்ரை அப்பாவும் இல்லை."

மண்டபம் முழுவதும் என்னைப் பார்த்தது. உறவினர்களில் பலர் மாமியின் பக்கம் என்பது எனக்குத் தெரியும். அவர் கேட்டதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை என்பதும் தெரியும். கையில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"இல்லை ஐயா. வேற ஒருத்தரும் இல்லை" என்றேன்.

மாமி அன்று சாப்பிடாமலே போய்விட்டார்.

அப்பா இறந்த துடக்கு வருடம் என்று கோயில் திருவிழாக்களுக்கு நாங்கள் போகவில்லை. நவம்பரில் மட்டும் கிராமத்துக்குப் போனோம். அது எங்களைப் போன்றவர்களுக்கான நாள். மேசையில் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் சேர்த்து மசித்ததும், அம்மா கொண்டுபோன பருப்பும் சோறும் தட்டில் இருந்தன. அப்பாவின் பெயரை நோராவே சொன்னார். பிறகு தட்டை எடுத்து, அப்பா செய்ததுபோலவே ஒவ்வொருவராகப் பகிர்ந்துகொண்டு வந்தார். அம்மா அங்கேதான் முதல் முறையாக வாய்விட்டு அழுதார்.

பெப்ரவரி வந்தது. அம்மா மாமிக்குத் தொலைபேசியில் பேசினார். "மச்சாள், காரியத்துக்கு இல்லை. சும்மா வந்து இருந்திட்டுப் போங்கோ." மாமி எங்கள் வீட்டுக்கு வந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

இம்முறை வெளியே நின்றவன் நான். புல்லுக்கட்டைப் பிடித்தபடி தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டேன். பதில் இல்லை. இரண்டாம் தரமும் கேட்டேன். பதில் இல்லை. தங்கை வாயெடுக்கப் போனபோது அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினார் என்று பிறகுதான் அறிந்தேன். பனி முகத்தில் அடித்தது. அப்பா வருடம் தவறாமல் நின்ற இடம் எவ்வளவு நீளமான இடம் என்று அப்போது எனக்கு விளங்கியது. மூன்றாம் தரம் கேட்டேன்.

"வாடா!" மாமியின் குரல் உடைந்து வந்தது. "இவ்வளவு காலமும் எங்கையடா நிண்டனீ? வா, வந்து சாப்பிடு."

கதவைத் திறந்தவரும் மாமிதான். என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு, "சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வா, நிலமெல்லாம் ஈரமாகுது" என்றார். அன்று எங்களோடு இருந்து சாப்பிட்டார். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "நான் எள்ளுத்தண்ணியும் விடுவன், கதவும் திறப்பன். கொப்பர் கேட்டால் அவரோட நான் பேசிக்கொள்ளுறன்."

அப்பாவின் முதலாம் ஆண்டு நிறைவான ஆட்டைத் திவசத்தையொட்டி இந்த நினைவு மலரை உங்கள் கைகளில் தருகிறோம். அப்பாவின் நோய்க்காலத்தில் முகம் சுளிக்காமல் பராமரித்த தாதியருக்கும் மருத்துவர்களுக்கும், அடுப்பு மூட்டாத நாட்களில் வீட்டு வாசலில் சாப்பாட்டுப் பாத்திரங்களை வைத்துவிட்டுச் சொல்லாமல் போன அயலவர்களுக்கும், அன்று வானில் ஒன்றாகப் போய், கடைசியில் அப்பாவைத் தோளில் சுமந்த நண்பர்களுக்கும், கிரியைகளைச் செய்வித்த குருக்களுக்கும், பனியிலும் வெயிலிலும் வந்து நின்ற கிராமத்தவர்களுக்கும், நோராக்காவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எங்கள் மாமிக்கு நன்றி சொன்னால் ஏசுவார், ஆகவே சொல்லவில்லை.

எத்தனை பிரதி அச்சடிப்பது என்று பேசிக்கொண்டிருந்தபோது மாமி குறுக்கிட்டார். "உன்ரை சித்தப்பாவுக்கும் ஒண்டு எடுத்து வை. வந்தால் கேப்பான்."

எடுத்து வைத்திருக்கிறோம்.