பதில் சொல்லும் டிக்கி

என் மாமனாரின் அஸ்தியைத் தொலைத்தவன் நான். மூன்று மணி நேரத்துக்குத்தான் தொலைத்தேன். ஆனாலும் தொலைத்தவன் தொலைத்தவன்தான். இன்றைக்கும் வீட்டில் ஒரு கத்தரிக்கோல் காணவில்லை என்றால்கூட முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

குற்றத்தில் பாதி என் கார் டிக்கிக்குச் சேரும். தொண்ணூறுகளின் கடைசியில் செகண்ட் ஹேண்டில் ஒரு வெள்ளைக் கார் வாங்கினேன். அப்போது சென்னையில் ஓடிய கார்களில் பாதி அதே கார், அதில் முக்கால்வாசி அதே வெள்ளை. கூட்டத்தில் என் கார் மட்டும் தனியாகத் தெரியவேண்டும் என்ற அற்ப ஆசையில், சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு கடைக்குப் போய் ரிமோட் பூட்டு போட்டுக்கொண்டேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்புக் கட்டை, அதில் இரண்டு பொத்தான். ஒன்று கதவுகளுக்கு, இன்னொன்று டிக்கிக்கு. அமுக்கினால் கார் ‘கீ’ என்று குரல் கொடுக்கும், டிக்கி மேலே எழும்பும். டிக்கியின் சாவித் துவாரத்தைக் கடைக்காரர் ஒரு தகட்டால் அடைத்தே விட்டார்.

“இனிமே சாவியே வோணாம் சார். நீ கூப்டா வரும், நாய்க்குட்டி கணக்கா.”

நாய்க்குட்டி வந்தது. ஆனால் நான் கூப்பிடாதபோதும் வந்தது.

அபிராமபுரத்தில் எங்கள் வீடு முதல் மாடி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தெருவில் காக்கை சத்தம்கூட இல்லாத நேரம், கீழேயிருந்து ‘கீ’ என்று கேட்டது. ரிமோட் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். தூங்குமூஞ்சி மரத்தடியில் கார் தனியாக நின்றது. அதன் டிக்கி மெதுவாக, யாரோ உள்ளேயிருந்து முதுகால் தள்ளுவதுபோல, எழும்பிக்கொண்டிருந்தது. தெருவில் ஈ காக்கை இல்லை. முதல் தடவை நானும் மனைவியும் சிரித்தோம். இரண்டாம் தடவை நான் மட்டும் சிரித்தேன். மூன்றாம் தடவை, இறங்கிப்போய் மூடுவதற்கு அவளையும் துணைக்குக் கூப்பிட்டேன். யாரோ கூப்பிடுகிறார்கள், இது பதில் சொல்கிறது என்பது வரைக்கும் புரிந்தது. கூப்பிடுவது யார் என்பதுதான் புரியவில்லை.

மயிலாப்பூரிலிருந்து மாமனார் வந்து பார்த்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து டிக்கிக்குள் வெகுநேரம் பார்த்தார்.

“மாப்பிள்ளை, இதுக்குள்ள யாரோ இருக்கா” என்றார். கேலியா நிஜமா என்று அவர் முகத்தைப் பார்த்து என்றைக்குமே சொல்ல முடியாது. அதன்பின் என் காரில் ஏறினால் பையை மடியிலேயே வைத்துக்கொள்வார். டிக்கியில் வைக்கவே மாட்டார்.

அந்த வருஷமே அவர் போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் காலை அஸ்தி எடுக்கிற சடங்கு. மயானத்தில் பாலும் தண்ணீரும் தெளித்து, காலிலிருந்து தலைவரை எலும்புகளைப் பொறுக்கி, ஒரு மண்கலயத்தில் இட்டு, வாயை வெள்ளைத் துணியால் கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் கலயம் வீட்டு வாசற்படி ஏறக்கூடாது. நேரே கடலுக்குப் போகவேண்டும்.

“உச்சிக்குள்ள கரைச்சுடணும். எடுத்த அஸ்தி வழியில தங்கப்படாது” என்று சடங்கு செய்துவைத்த வாத்தியார் கண்டிப்பாகச் சொன்னார். “கரைச்சு முழுகிட்டு வந்துடுங்கோ. நான் ஆத்துக்குப் போய் மத்ததெல்லாம் பாக்கறேன்.”

என் மச்சினன்தான் ஒரே பிள்ளை, கர்மம் செய்கிற கர்த்தா அவன்தான். ஈர வேஷ்டி, வெறும் வயிறு, இரண்டு நாளாக அழுது அழுது காய்ந்துபோன கண். அவன் கலயத்தை என்னிடம் நீட்டினான்.

“அத்திம்பேர், இதைக் கொண்டுபோய் வண்டியில வையுங்கோ. இங்க ரெண்டு கையெழுத்து பாக்கி இருக்கு. பத்திரம்.”

அந்தக் குடும்பத்தில் என்னை நம்பி யாரும் எதையும் கொடுத்தது அதுவே முதல் தடவை. பெருமையோடு வெளியே வந்து பொத்தானை அமுக்கினேன். ‘கீ’ என்றது. மயானச் சுவரில் மோதி எதிரொலித்ததோ என்னவோ, இன்னொரு ‘கீ’ தள்ளிக் கேட்டது. எதிரே இருந்த வெள்ளைக் காரின் டிக்கி எழும்பியது. எந்த டிக்கியிலும் கிடக்கும் அழுக்குத் துணி, ஸ்டெப்னி டயர். டயரின் நடுக்குழியில் கலயத்தை உட்காரவைத்து, துணியை அண்டக்கொடுத்து மூடினேன். நம்பர் பிளேட்டைப் பார்க்கவில்லையா என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். கூப்பிட்டதும் பதில் சொல்கிற ஒன்றிடம் யார் போய் ஊர், பேர் விசாரிப்பார்கள்?

கால் மணி கழித்து நாங்கள் இரண்டு பேரும் வெளியே வந்தபோது கார் அந்த இடத்தில் இல்லை. இருபதடி தள்ளி வேப்பமரத்தடியில் நின்றது. டிக்கி ஆவென்று திறந்து கிடந்தது. இவ்வளவு தூரத்திலா நிறுத்தினோம் என்று ஒரு கணம் மனசில் ஓடியது. பழைய குணத்தைக் காட்டிவிட்டதே என்று நினைத்து, உள்ளே பார்க்காமலே படாரென்று மூடினேன். பார்க்கத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை. மச்சினன் பக்கத்தில் நின்றதால் அதை அப்போது சொல்லவில்லை.

பட்டினப்பாக்கம் கடற்கரையில் டிக்கியைத் திறந்தேன். ஸ்டெப்னி இருந்தது. துணி இருந்தது. டயரின் நடுக்குழியில் ஒன்றும் இல்லை.

மச்சினன் குழிக்குள் கையை விட்டுத் தடவினான். துணியை உதறினான். பிறகு என்னைப் பார்த்தான்.

“அத்திம்பேர், அப்பா எங்கே?”

“இங்கேதாண்டா வெச்சேன்.”

“பூட்டியிருந்ததோல்லியோ?”

“என் கையால மூடினேண்டா.”

கடல் இரைந்துகொண்டிருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தும் அவன் கையில் மயிர் குத்திட்டு நின்றதைப் பார்த்தேன். 

“இதுக்குள்ள யாரோ இருக்கான்னு அன்னிக்கு அப்பா சொன்னாரே” என்றான், டிக்கியைவிட்டு ஓரடி பின்வாங்கி.

நானும் ஓரடி பின்வாங்கினேன். நல்லவேளை, அவனுக்குக் கோபம் வந்து என்னைக் காப்பாற்றியது.

“பன்னெண்டுக்குள்ள அப்பாவைக் கடல்ல சேக்கணும் அத்திம்பேர். அம்மா வாசல்லயே பாத்துண்டு நிப்பா. தொலைச்சுட்டேன்னு நான் எந்த வாயால சொல்வேன்? கிளம்புங்கோ.”

மயானத்துக்கே திரும்பினோம். காலையில் எலும்பு எடுத்துக்கொடுத்த ஆள் பீடி பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“இன்னா சார் நீ? முன்னாடி நின்ன வண்டில நீ வெச்சத நான் பாத்துகினுதானே இருந்தேன். உன் தோஸ்து வண்டியாக்கும்னு உட்டுட்டேன்.”

“அது யார் வண்டி?”

“அண்ணன் தம்பி ரெண்டு பேரு. அவுங்க அம்மாவ எடுத்துகினு போனாங்க. ஒடஞ்ச பாலத்தாண்ட கரைக்கப் போறோம்னாங்க. இப்ப ஜோடியா கூட்டிகினு பூட்டாங்க போலகீது!”

எனக்கும் பயத்தில் சிரிப்பு வந்தது. மச்சினன் பார்த்த பார்வையில் அது தொண்டையிலேயே நின்றது. காலையில் கேட்டது எதிரொலி இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நான் ஒரு தடவை அமுக்கினேன், இரண்டு கார்கள் பதில் சொல்லியிருக்கின்றன. என் காரை அபிராமபுரத்தில் கூப்பிட்டதும் பேய் இல்லை. இதே கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தெருவோடு போன எவனோ ஒருவன். இப்படி விளக்கம் கிடைத்தால் பயம் போய்விடும் என்பார்கள். எனக்குக் கூடியது. இந்த ஊரில் எத்தனை டிக்கிகள் என் பேச்சைக் கேட்கும்?

உடைந்த பாலத்துக்குப் போகிற வழியில், பெசன்ட் நகரில் விடை கிடைத்தது. கடற்கரையை ஒட்டிய தெருக்களில் மெதுவாக ஓட்டினேன். மச்சினன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, வெள்ளைக் காரைக் கண்ட இடத்திலெல்லாம் பொத்தானை அமுக்கினான். ஒவ்வொரு தடவையும் எங்கள் டிக்கி பின்னால் எழும்பும், நான் இறங்கிப்போய் மூடுவேன். பூட்டிய கேட்டுக்குள் நின்ற ஒரு கார் ‘கீ’ என்றது. டிக்கி எழும்பியது. இறங்கி ஓடிப்போய்க் கம்பிவழியே பார்த்தோம். உள்ளே மடித்துவைத்த ஒரு சக்கர நாற்காலி, அதன்மேல் ஒற்றைச் செருப்பு. வேறொன்றும் இல்லை. மாடியில் ஒரு திரை விலகியது. யாரோ வீட்டு டிக்கியைத் திறந்துபோட்டுவிட்டுத் திருடர்கள் மாதிரி ஓடிவந்தோம். அதை மூட எங்களுக்கு வழி தெரியவில்லை.

உடைந்த பாலத்துக்குப் போகிற மண்பாதையில் ஆள் நடமாட்டமே இல்லை. அடையாறு கடலில் கலக்கிற இடம். பதினொன்றரை மணி வெயிலில் மணல் கண்ணைக் குத்தியது. நடுவில் இடிந்துபோன பாலம் தண்ணீருக்குமேல் பாதியில் நின்றிருந்தது. கார் எதுவும் கண்ணில் படவில்லை. மச்சினன் அமுக்கினான். எங்கள் கார் மட்டும் ‘கீ’ என்றது. இன்னும் கொஞ்சம் போய் அமுக்கினான். முள்ளுச் செடிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மெல்லிசாக, இன்னொரு ‘கீ’ வந்தது.

செடியைச் சுற்றிக்கொண்டு போனோம். வெள்ளைக் கார் டிக்கியைத் திறந்துகொண்டு நின்றது. அதற்கு முன்னால் மணலில் இரண்டு பேர், மொட்டையடித்த தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் இரண்டு கலயங்கள்.

“யாருய்யா அது டிக்கியத் தொறக்கறது?” என்று எழுந்த பெரியவருக்கு ஐம்பது வயசு இருக்கும். எங்கள் கோலத்தைப் பார்த்ததும் குரல் இறங்கியது. “ஓ, நீங்கதானா? ஒருத்தர எடுத்துகினு வந்தோம் சார். எறக்கிப் பாத்தா ரெண்டு பேரு.”

முப்பது வயசுத் தம்பி தலையைக் குனிந்துகொண்டான். “நான் வெக்கச் சொல்லோ ஏற்கெனவே ஒண்ணு இருந்துச்சு சார். எலும்பு ஒண்ணு, சாம்பல் ஒண்ணுன்னு ரெண்டாக் குடுப்பாங்கன்னு நெனச்சேன். எனக்கு இன்னா தெரியும்? அம்மா மொத தபா சாவறாங்க.”

“ரிமோட்டு எங்க போட்டீங்க?” என்று கேட்டேன்.

“சிந்தாதிரிப்பேட்டைல. அங்கதான் எனக்கு டிங்கரிங் பட்டறை” என்றார் அண்ணன்.

“நாய்க்குட்டி கணக்கான்னு சொன்னாரா?”

“அதே ஆளுதான்!”

நானும் அவரும் சிரித்துவிட்டோம். மச்சினன் சிரிக்கவில்லை. கலயங்களுக்கு முன்னால் மண்டி போட்டிருந்தான்.

“இதுல எங்கப்பா எது?”

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி கடலைப் பார்த்தான்.

“அதான் சார் தெரில” என்றார் அண்ணன். “ரெண்டும் ஒரே கடைப் பானை, ஒரே துணி. குலுங்கி உருண்டுகினு வந்துச்சு. யாராச்சும் தேடிகினு வருவீங்கன்னு ரெண்டு மணி நேரமா குந்திகினு கீறோம். கடல்ல ஊத்தவும் மனசு வர்ல, உட்டுட்டுப் போவவும் மனசு வர்ல. யாரப் பெத்தவங்களோ.”

என் அப்பாவை எனக்கா தெரியாது என்பதுபோல மச்சினன் ஒரு கலயத்தைத் தூக்கினான். கீழே வைத்துவிட்டு மற்றதைத் தூக்கினான். மறுபடி முதலாவதைத் தூக்கினான். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்தது. எனக்கு அவன் பக்கத்தில் நிற்கவே கூசியது. இந்த இடத்தில் சொல்ல என்னிடம் ஒரு ஜோக்கும் இல்லை.

“மணி என்ன அத்திம்பேர்?”

“பன்னெண்டாக இருபது நிமிஷம்.”

அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார். “நீங்க ஐயருங்க. எங்கம்மா மீன் வித்தவங்க. ரெண்டையும் சேந்தே கரைச்சிரலாம்னு எனக்குத் தோணுது. உங்களுக்கு ஒத்துக்குமோ ஒத்துக்காதோ.”

மாமனார் வீட்டு அடுக்களையில் வெங்காயத்துக்கே இடம் கிடையாது. மச்சினன் அவரைவிட ஒரு படி மேல், ஹோட்டலில் காபிகூடக் குடிக்கமாட்டான். அவன் மாட்டேன் என்றால் அந்த மணலிலேயே நாலு பேரும் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். காற்றுகூட நின்றுபோய், கலயங்களின்மேல் கட்டியிருந்த துணி அசையாமல் இருந்தது.

“உங்க அம்மா பேர் என்ன?” என்று மச்சினன் கேட்டான்.

அண்ணன் சொன்னார். மச்சினன் அப்பாவின் பெயரைச் சொன்னான். தம்பி அதை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

மூன்று பேரும் இடுப்பளவு தண்ணீருக்குள் போனார்கள். ஒவ்வொரு கலயத்திலும் மூன்று பேரும் கை வைத்திருந்தார்கள். நான் கரையில் நின்றேன். ரிமோட் நனைந்துவிடக்கூடாது என்று மச்சினன் அதை என்னிடம் கொடுத்திருந்தான். சாம்பல் தண்ணீரில் ஒரே திட்டாகப் பரவியது. அந்த நிமிஷத்தில் எனக்குப் பின்னால் இரண்டு கார்களும் ஒரே குரலில் ‘கீ’ என்றன.

தண்ணீரிலிருந்து மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். நான் அமுக்கவில்லை. அண்ணனின் ரிமோட் மணலில் அவர் சட்டைமேல் கிடந்தது. அந்தச் சக்கர நாற்காலிக்காரரின் ரிமோட் அவ்வளவு தூரம் எட்டாது. எவனாவது பாதையோடு போயிருப்பான் என்றுதான் இன்றுவரை சொல்லிவருகிறேன். பாதையில் ஒருவரும் இல்லை.

வீட்டு வாசலில் மாமியார் நின்றிருந்தார். “ஆச்சாடா?”

“ஆச்சும்மா” என்றான் மச்சினன். அதற்குமேல் அவனும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அந்த வாரமே சிந்தாதிரிப்பேட்டைக்குப் போய்த் தகட்டைப் பெயர்த்து, பழைய சாவித் துவாரத்தைத் திறந்துகொண்டேன்.

வருஷம் கழிந்தபின் ஓர் அமாவாசையன்று மாமனார் வீட்டில் இருந்தேன். மச்சினன் எள்ளும் தண்ணீரும் விட்டுத் தர்ப்பணம் செய்துகொண்டிருந்தான். வழக்கமான பெயர்களெல்லாம் முடிந்து வாத்தியார் எழப்போனார். மச்சினன் இன்னொரு கை எள்ளை எடுத்து, ஒரு பெண் பெயரைச் சொல்லி நீர் விட்டான்.

“யாருடா அது?” என்றார் வாத்தியார். “உங்காத்துல அப்படி ஒரு பேர் நான் கேட்டதே இல்லையே?”

மச்சினன் நிமிர்ந்து பார்க்கவில்லை. கட்டைவிரல்வழியே கடைசிச் சொட்டும் விழுகிறவரைக்கும் காத்திருந்தான்.

“அத்திம்பேர் கூட்டிண்டு வந்தார்” என்றான்.