கிணற்றில் இறக்கிய கண்ணாடி இழை

பக்கத்து வீட்டு அண்ணனின் மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த அன்றே, கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்துத் துப்பினாள். ஒற்றசேகரமங்கலத்துப் புகுந்த வீட்டிலிருந்து ஏழாம் மாதத்தில் முறைப்படி அழைத்து வந்திருந்தார்கள். முற்றத்தில் நின்றபடியே டம்ளரை முகர்ந்து பார்த்து, வெள்ளம் ஒரு மாதிரி மணக்குது என்றாள். மசக்கை என்றார் அவள் அம்மா, எங்கள் மைனி. ஏழாம் மாதத்தில் என்ன மசக்கை என்று அவள் கேட்டாள். பதிமுக மரச்சீவல் போட்டுக் கொதிக்க வைத்த சிவந்த தண்ணீரை ஆற்றிக் கொடுத்தார்கள். அதைக் குடித்தாள்.

பாறசாலைக்கு மேற்கே ஒரே சரிவில் எங்கள் இரண்டு வீடுகளும் இருக்கின்றன. உச்சியில் ரோடு. ரோட்டோரம், வெகுநாளாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு பெட்ரோல் பம்பு. அதற்குக் கீழே அண்ணன் வீட்டுக் கிணறு. அதற்கும் கீழே எங்களுடையது.

அண்ணன் வில்லேஜ் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் அதிகம் கோபப்படமாட்டார், கிணற்றைக் குறை சொன்னால் தவிர. மீன மாத வெயிலிலும் வற்றாத கிணறு அது. சுற்றுவட்டாரக் கல்யாணங்களுக்கெல்லாம் அங்கிருந்துதான் தண்ணீர் போயிருக்கிறது. சொந்த மகளே அதை முகர்ந்து பார்த்தது அவரைச் சுட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் மனைவியைக் கூப்பிட்டார்.

"மக்கா, உனக்க அந்தக் குந்திராண்டத்தை இஞ்ச கொண்டு வா. எனக்க கெணத்துக்க யோக்கியதையை இவ கண்ணால பாக்கட்டு."

மனைவி காட்டாக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறாள். அண்ணன் சொன்ன குந்திராண்டம் அவளுடைய ஆராய்ச்சிக் கருவி: தலைமுடி கனத்தில் ஒரு கண்ணாடி இழை, ஒரு முனையில் சிவப்பு விளக்கு, மறுமுனையில் வந்து சேரும் வெளிச்சத்தை எண்ணாகக் காட்டும் பெட்டி. இழையின் நடுவே ஒரு விரல் நீளத்துக்கு மேலுறையை உரித்து, வளைத்து, ஒரு குச்சியில் கட்டியிருந்தாள். அந்த வெற்றுக் கண்ணாடியைத் தண்ணீர் தொட்டால் வெளிச்சம் பெரும்பாலும் உள்ளேயே ஓடிவிடும். எண்ணெய் ஏறக்குறைய கண்ணாடியைப் போலவே ஒளியை வளைப்பது. அது தொட்டால் வெளிச்சம் அந்த இடத்தில் கசிந்து வெளியேறும், எண் இறங்கும். எங்கள் சமையலறையில் உப்புத் தண்ணீரிலிருந்து தேங்காய் எண்ணெய் வரை எல்லாவற்றிலும் அதை முக்கிப் பார்த்திருந்தாள். எது எந்த எண் என்று மனப்பாடம்.

அண்ணன் தானே ஒரு வாளி இறைத்து வைத்தார். மனைவி குச்சியை முக்கினாள், எடுத்தாள், மறுபடி முக்கினாள். எண் இறங்கியது. பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். இழையைத் துடைத்து இன்னொரு முறை முக்கினாள். மறுபடியும் இறங்கியது. வெயிலுக்கு வாளியைச் சாய்த்தபோது, தண்ணீரின் மேல் மெல்லிய ஒரு நிறம் நகர்ந்தது.

முதலில் சிரித்தது அண்ணன்தான். மேலே கப்பியைக் காட்டினார். மகள் வருகிற அன்று காலையில் அதற்குத் தாராளமாகத் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார். கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கப்பி கீச்சிடக் கூடாது என்பது மைனியின் நம்பிக்கை. எண்ணெய் சொட்டாமல் என்ன செய்யும்? எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது.

மகள் மட்டும் சொன்னாள்: "தேங்கெண்ணெய்க்க மணம் எனக்குத் தெரியாதா அப்பா?"

"உனக்கு இப்பம் சோறு வெந்தாலும் நாறும். மூக்கைப் பிடிச்சிட்டுக் குடி பிள்ளே."

வீட்டுக்கு வந்ததும் மனைவி தேங்காய் எண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றி மீண்டும் அளந்தாள். எண் இறங்கியது, ஆனால் கிணற்றுத் தண்ணீரில் இறங்கிய அளவுக்கு இல்லை. கிண்ணம் முழுக்க எண்ணெய் இருந்தும் அந்த ஆழத்துக்குப் போகவில்லை. அதை அவள் என்னிடம் மட்டும் சொன்னாள். தூசு இருக்கலாம், இழையில் கீறல் இருக்கலாம், ஒரு நாள் அளவை வைத்து ஒரு வீட்டைக் கலக்கக் கூடாது என்றும் சொன்னாள். ஒரே ஆள் சொன்னதை அச்சுக்கு அனுப்பாத தொழிலில் இருந்தவன் நான். அது சரியென்றே பட்டது.

மறுநாள் அண்ணன் கப்பியைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வைத்தார். துணியைக் கயிற்றில் கட்டி இறக்கி, தண்ணீரின் மேற்பரப்பை ஒற்றி ஒற்றி எடுத்தார். அதன்பின் மனைவி அளந்தபோது எண் தண்ணீருக்குரிய இடத்தில் நின்றது.

"வெள்ளம் வெள்ளமாக்கும்" என்றார் அண்ணன்.

மகள் குடிக்கத் தொடங்கினாள். கொதிக்க வைத்தது, வைக்காதது என்று பார்க்கவில்லை. குடிக்கும்போது அவள் மூச்சை அடக்கிக்கொள்வதை நான் கவனித்தேன்.

துலா மாத மழை தொடங்கியது. பிற்பகல்களில் இடியோடு கொட்டி, ரோட்டிலிருந்து செம்மண் நீர் சரிவில் இறங்கியது. அப்படிப் பெய்த மறுநாள் காலை, யாரும் கூப்பிடாமலே மனைவி கருவியோடு அங்கே போனாள். நானும் போனேன். கப்பி இன்னும் திண்டில்தான் கிடந்தது. குறுக்குச் சட்டத்தில் வெறும் கயிறு. மகள் சமையலறை வாசலில் நின்றாள், கையில் பாதி குடித்த டம்ளர்.

எண் இறங்கியது. தேங்காய் எண்ணெயின் இடத்தைத் தாண்டி, அன்று போன ஆழத்துக்கும் கீழே.

அண்ணன் இழையைத் துடைக்கச் சொன்னார். துடைத்தாள். வேறு வாளியில் இறைத்தார். அதிலும் அதே கதை. கப்பியில்லாத குறுக்குச் சட்டத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறினார். பின்னாலேயே போனேன். பம்பின் கேட்டில் சங்கிலி துருவேறிக் கிடந்தது. புல்லுக்குள் நிலத்தடித் தொட்டியின் இரும்பு மூடிகள். அவற்றைச் சுற்றித் தேங்கிய மழை நீரில், வாளியில் பார்த்த அதே நிறம் இன்னும் தடிமனாக மிதந்தது. டீசல் வாடை எனக்கே தெரிந்தது. கம்பிகளைப் பிடித்துக்கொண்டு அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அங்கிருந்தே சுகாதார அலுவலகத்துக்குப் போன் செய்தேன். தண்ணீரைப் பாட்டிலில் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், முடிவு வரும்வரை குடிக்க வேண்டாம் என்றார்கள்.

பிரசவத்துக்கு வந்த பெண்ணைப் பிள்ளை பிறக்கும் முன் திருப்பி அனுப்பும் வழக்கம் இங்கே இல்லை. ஊர் காரணம் கேட்கும், கிடைக்காவிட்டால் உண்டாக்கும். அன்று மத்தியானமே கார் வந்தது. மைனி அழுதுகொண்டே துணிகளை மடித்து வைத்தார். அண்ணன் கிணற்றின் வாயில் பலகைகளை அடுக்கி, மேலே கல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மகள் வரும்போது அவர் திரும்பவில்லை.

அவள் காரில் ஏறிவிட்டு, கண்ணாடியை இறக்கி என் மனைவியைக் கூப்பிட்டாள். வயிற்றின் மேல் கை இருந்தது.

"சித்தி, உங்க மிஷினுக்கு, நான் இதுவரைக்கும் குடிச்சது எவ்வளவுண்ணு பாக்க ஒக்குமா?"

"அது இப்பம் தொடுறதை மட்டுந்தான் சொல்லும் மக்கா."

அவள் தலையசைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். கார் சரிவில் ஏறி, பம்பைக் கடந்து, ரோட்டில் திரும்பியது.

நாங்கள் வீட்டுக்குள் போனோம். சமையலறை மேடையில், காலையில் எங்கள் கிணற்றிலிருந்து இறைத்த குடம் பாதி காலியாக இருந்தது. மனைவி இழையைத் துடைத்து முடித்து, குடத்தின் அருகே நின்றாள். குச்சியை இன்னும் முக்கவில்லை.