நாலாவது சாமி

இந்த வாரம் எனக்குத் தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது. மிளகுக் கஷாயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் எழுதுவதற்குத் தொண்டை வேண்டாமே... அந்த வகையில் நீங்கள் தப்பிக்க முடியாது.

தொண்டை போன கதையைத்தான் சொல்லப் போகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை, வேலூர் பக்கம் ஒரு பைபாஸ் ரோட்டோரம் நின்று ஒரு வார்த்தை கத்தினேன். ஒரே ஒரு வார்த்தைதான். அதற்கு இவ்வளவு.

என் பிள்ளை லோகு காலேஜில் ஓட்டப்பந்தயக்காரன். இந்த சீசன் முழுக்க அவன் நாலாவது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரா — நாலாவது. ஐயாயிரம் மீட்டரா — நாலாவது. மூன்று பேருக்கு மட்டும் மெடல் கொடுக்கிற உலகத்தில் இதைவிடப் பேஜார் உண்டா? கடைசியாக வந்தால்கூட, ‘பாவம், கால் வலியோ என்னவோ’ என்பார்கள். நாலாவதுக்கு அந்தப் பாவம்கூடக் கிடையாது.

சீசனின் கடைசிப் பந்தயத்தில் மட்டும் மூன்றாவதாக வந்துகொண்டிருந்தான். கோட்டைத் தொட இன்னும் கொஞ்சம்தான். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"டேய் லோகு, பின்னாடி வரான்டா."

வேறு யார்? என் வீட்டுக்காரர்தான். எங்களுக்குப் பவர்லூம். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, அவர் என் காதில் ரகசியம் சொன்னால் எதிர்வீட்டு மல்லிகா ‘அப்படியா’ என்பாள். லோகுவோ, அப்பா கூப்பிட்டால் என்னவென்று கேட்க வேண்டும் என்று வளர்ந்த பிள்ளை. திரும்பினான். பின்னால் வந்தவன் முன்னால் போய்விட்டான்.

நாலாவது.

அதற்கப்புறம் நான் அவரைச் சும்மா விட்டேனா? சாம்பார் ஊற்றும்போது ஒரு தடவை சொல்வேன். ரசம் ஊற்றும்போது ஒரு தடவை சொல்வேன். "வாய மூடிகினு இருந்திருந்தா மெடலு." மோர் வருவதற்குள் எழுந்து கை கழுவப் போய்விடுவார்.

பாவம், பரிகாரமாக ஒரு பயிற்சி கண்டுபிடித்தார். லோகு ஏரிக்கரை ரோட்டில் ஓடுவான். இவர் மொபெட்டில் பின்னாலேயே போய் ‘லோகு, லோகு’ என்று கூப்பிடுவார். அவன் திரும்பக் கூடாது. பயிற்சி நன்றாகவே பிடித்துக்கொண்டது. வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டாலும் அவன் இப்போது திரும்புவதில்லை.

சீசன் முடிந்து கார்த்திகை பிறந்தது. லோகு ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டான். முதல் வருஷம், கன்னிசாமி. விடியும் முன் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, கறுப்பு வேட்டியோடு விளக்குக்கு முன்னால் அவன் நிற்பதைப் பார்த்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. தினம் ஆறு முட்டை தின்றவன், ஒரு வார்த்தை சொல்லாமல் சுண்டலுக்கு வந்துவிட்டான்.

கஷ்டம் எனக்குத்தான். மாலை போட்டவரைப் பேர் சொல்லக் கூடாது, ‘டேய்’ போடக் கூடாது, கோபமாகப் பேசக் கூடாது. "சாமி, எந்திரிங்க சாமி. ஈரத் துண்ட கட்டில் மேல போடாதீங்க சாமி." இருபது வருஷமாக இல்லாத மரியாதை. திட்ட வேண்டியதையெல்லாம் விழுங்கி விழுங்கி... விரதம் அவனுக்கா, எனக்கா?

இந்த நேரத்தில் போளூரிலிருந்து அவன் கூட்டாளி போன் பண்ணினான். டூயத்லான் என்று ஒரு போட்டியாம். எனக்குத் தெரிந்த ஒரே ‘டூ’, சின்ன வயதில் சண்டை போட்டுவிட்டு விடுகிற ‘டூ’தான். இது வேறாம். முதலில் ஓட வேண்டும். அப்புறம் சைக்கிள் மிதிக்க வேண்டும். இறங்கி மறுபடியும் ஓட வேண்டும்.

"சைக்கிள வெச்சுகினு எதுக்குங்க ஓடறாங்க? பஞ்சராயிடுச்சா?" என்று கேட்டாள் மல்லிகா.



அன்று சாயந்திரம் பூசை முடிந்ததும், லோகு ஐயப்பன் படத்துக்கு முன்னால் நின்றபடியே சொன்னான். "அம்மா, இதுதான் கடைசி. இதுலயும் நாலாவது வந்தா ஓட்டத்த வுட்டுட்டு அப்பாகூட தறிக்கு வந்துடறேன்."

தறிக்கு ஆள் கிடைக்கவில்லை என்று தெருத் தெருவாக அலைகிறவர் என் வீட்டுக்காரர். சந்தோஷப்பட வேண்டியவர் அவர்தான். ஆனால் அவர் முகம்தான் முதலில் வாடியது. "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு சாமி" என்று எழுந்து தறிப்பக்கம் போய்விட்டார். 

போட்டிக்குக் கூட்டாளியின் சைக்கிள் வந்தது. கூடவே ஒரு வில்லங்கமும் வந்தது. வெறுங்காலோடு ஓடலாமாம், ஆனால் சைக்கிளில் ஷூ கட்டாயமாம். மாலை போட்டவர் காலில் ஷூ ஏறலாமா? எங்கள் குருசாமியிடம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். கார்த்திகை, மார்கழியில் குருசாமி. மற்ற மாதங்களில் ஷேர் ஆட்டோ. சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஷூ எங்க சாமி?"

"அது பெடல்லயே மாட்டி இருக்கும் சாமி. ஏறினப்புறம் கால உள்ள வுட்டா போதும்."

"அப்ப ஷூ போட்டுகினு இருக்கறது சைக்கிளு. நீங்க இல்ல."

லோகு விழித்தான்.

"சைக்கிள் மாலை போட்டிருக்குதா சாமி?"

"இல்ல சாமி."

"அப்புறம் இன்னா? போய் ஓடுங்க."

எந்தக் கோர்ட்டிலாவது இவ்வளவு ஜல்தியாகத் தீர்ப்பு வந்திருக்கிறதா?

ஞாயிற்றுக்கிழமை. விடியற்காலையிலேயே போய், பந்தயம் முடிகிற கோட்டுக்குப் பக்கத்தில் ரோட்டோரம் நின்றோம். வீட்டுக்காரர் வாயைத் திறக்க மாட்டேன் என்று எனக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். சத்தியத்தை நம்பலாம், குரலை நம்பலாமா? நெல்லிக்காய் அளவில் ஒரு கல்கண்டை அவர் வாயில் போட்டேன். "கரைஞ்சா சொல்லுங்க, இன்னொண்ணு தரேன்."

லோகு வெறுங்காலோடு ஓடி வந்தான். சைக்கிள் நிற்கிற இடத்தில் ஒரு வாலண்டியர் மறித்தார். "சாமி, ஷூ?"

"சைக்கிள் போட்டுகினு இருக்குது சாமி." ஏறிப் போய்விட்டான். அந்த வாலண்டியர் இன்னும் யோசித்துக்கொண்டிருப்பார்.

சைக்கிள் முடிந்து கடைசி ஓட்டம். தூரத்தில் ஆட்கள் தெரிந்தார்கள். முதல் பையன் போனான். இரண்டாவது போனான். மூன்றாவதாக ஒரு பையன், வெம்பாக்கமாம். அவனும் கறுப்பு பனியன், கழுத்தில் துளசி மாலை குதிக்கிறது. அவனுக்கு நாலு எட்டு பின்னால்...

நீங்களே சொல்லிவிடுவீர்கள். லோகு.

பக்கத்தில் வீட்டுக்காரர் கல்கண்டோடு ‘ம்ம்... ம்ம்’ என்கிறார். கண் பிதுங்குகிறது.  இதுவும் நாலாவதா? நாளையிலிருந்து தறியா? ‘டேய் லோகு, வுடாதடா’ என்று கத்த வாயைத் திறந்துவிட்டேன். ‘டே’ நாக்கு நுனிக்கு வந்தபோதுதான் கழுத்து மாலை கண்ணில் பட்டது. விழுங்கினேன். ஆனால் திறந்த வாய் மூடவில்லையே. தினம் பஜனையில் வருகிற வார்த்தை தானாக வந்தது, அடித்தொண்டையிலிருந்து.

"சாமியே..."

கார்த்திகை மாதத்தில் நம் ஊரில் அப்படி ஒரு குரல் கேட்டால் யாரால் சும்மா இருக்க முடியும்? டீக்கடைக்காரர், வாலண்டியர்கள், டிராபிக் போலீஸ்காரர், எல்லோரும் ஒரே மூச்சில் "சரணம் ஐயப்பா" என்றார்கள்.

வெம்பாக்கத்துப் பையனும் சொன்னான். எப்படி? ஓடிக்கொண்டே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டு, குரல் வந்த பக்கம் முழுசாகத் திரும்பி.

லோகுவும் சரணம் சொன்னான். அவன் உதடு அசைந்ததைப் பார்த்தேன். ஆனால் கழுத்து அசையவில்லை. மொபெட் பயிற்சி.

மூன்றாவது.

வீட்டுக்காரர் கல்கண்டை அப்படியே முழுங்கிவிட்டார். நான் இருந்த இடத்திலேயே மலை இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். லோகு மட்டும் சிரிக்கவில்லை. நேராக என்னிடம் வந்தான்.

"அவரு திரும்பி சாமிக்குப் பதில் சொன்னாரும்மா. நான் தாண்டினு போய்ட்டேன். வாங்க."

கையைப் பிடித்து அழைத்துப் போனான். வெம்பாக்கத்துப் பையன் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தான். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இரண்டு மாதமாக நான் இன்னொருவரைச் சொல்லிக் காட்டியதும் இதே குற்றம்தானே?

"மன்னிச்சுடுங்க சாமி. வேணும்னு கூப்பிடல. வாய்ல வந்துடுச்சு."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "நீங்க என்னையா கூப்ட்டீங்க? சாமியக் கூப்ட்டீங்க, சரணம் சொன்னேன். அதுக்கு நாலாவதுன்னா நாலாவதுதான் சாமி." அப்புறம் லோகுவைப் பார்த்தான். "அடுத்த தடவ எங்க அம்மாவ இட்டுகினு வரேன் சாமி. அவங்களுக்கு இவங்கள விட பெரிய கொரலு."

அப்போதுதான் லோகு சிரித்தான்.

வீட்டுக்கு வந்ததும் மெடலை ஐயப்பன் படத்தில் மாட்டினான். "இது கணக்குல வராதும்மா. அவரு திரும்பாம இருக்கும்போது தாண்டணும்."

"அப்ப தறி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தறி எங்க போவுது?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். ஈரத் துண்டு மறுபடியும் கட்டில் மேல். இருக்கட்டும், சாமி.

நாம் சாமியைக் கூப்பிடுகிறோம். அது யார் காதில் போய் விழும், யார் கழுத்தைத் திருப்பும் என்று நமக்கு என்ன தெரியும்? நாலாவதாக வந்தும் சிரிக்கிற ஒரு பிள்ளையை அன்றைக்கு எனக்குக் காட்டினான் ஐயப்பன். எனக்கு அது போதும்.

வீட்டுக்காரருக்குத்தான் போதவில்லை. வேலூரிலிருந்து வாயே திறக்காமல் வந்தவர், ராத்திரி நான் ரசம் ஊற்றும்போது, தறிச் சத்தத்துக்குப் பேசுகிற அதே குரலில் கேட்டார்:

"நான் கூப்ட்டா நாலாவது. நீ கூப்ட்டா மட்டும் சரணமா?"