மேடு முழுக்க வெள்ளைப் பூ

கண்ணுகளா, கோத்தகிரி போகும் வழியில் பஸ் டயர் பஞ்சராகி நிற்கிறது. தேயிலைக்கு மேலே ஒரு மேடு முழுக்க வெள்ளைப் பூ. சாமந்தி இனம்தான். ஆனால் வெள்ளையாகத் தெரிவது இதழ் இல்லை, காகிதம்போலச் சரசரக்கும் செதில்கள். நிஜப் பூக்கள் நடுவில் மஞ்சளாக, கடுகைவிடச் சின்னதாகக் கூட்டமாக இருக்கின்றன. பறித்து வைத்தாலும் மாதக்கணக்கில் வாடாது.

உங்களுக்காக ஒன்றைப் பறிக்க மேட்டில் ஏறிக் குனிகிறேன். கொழுந்துக் கூடையோடு ஓர் அம்மா வந்து நிற்கிறார்.

"ஏனுங்க, பறிக்காதீங்க. எம் புள்ளைக்கு வச்சதுங்க."

"இத்தனையுமா வச்சீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டுவிடுகிறேன்.

"ஒண்ணுதாங்க வச்சேன்."

பால்குடி மறக்காத பிள்ளையை எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். எஸ்டேட் நிலம் என்பதால் கல் நட விடவில்லையாம். அடையாளத்துக்கு இந்தச் செடியை நட்டிருக்கிறார்.

"வாடாத பூவுன்னு வச்சேனுங்க. வெதையில பஞ்சு இருக்கறதை யோசிக்கல. காத்துல பறந்து மேடெல்லாம் மொளச்சிருச்சு. இப்ப எந்த எடத்துல உக்காந்து அழுவறதுன்னே தெரியலீங்க."

கீழேயிருந்து மேஸ்திரி சத்தம் போட, அவர் கூடையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போகிறார்.

அவர் தேயிலைக்குள் மறைந்த பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறேன். எங்கே கால் வைக்கலாம் என்று தெரியாமல், ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து அந்த மேட்டைவிட்டு இறங்குகிறேன்.