விடுதிக்காரியின் முகம்

கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. ஒருநாள் நாற்காலியில் உட்கார்ந்த வாடிக்கையாளர், எதிரே இருந்த எழுத்துகளை விட்டுவிட்டு அவளையே பார்த்தார்.

"நீங்க அந்த கேம்ல வர்ற விடுதிக்காரம்மாதானே?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எட்டு வருடங்களுக்கு முன்பு, ரசிகர்களிடமே பணம் திரட்டித் தயாரித்த கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றுக்கு அவள் கணவன் பெருந்தொகை கொடுத்திருந்தான். பதிலுக்கு, அவன் அனுப்பிய போட்டோவைப் பார்த்து ஒரு பாத்திரம் செய்து தந்தார்கள். கல்யாணமான புதிது, அவளும் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அப்போது அது தீப்பெட்டி அளவுப் படம். பிறகு விவாகரத்து ஆனது, படம் மறந்தே போனது.

இப்போது அதே விளையாட்டை மெருகேற்றி மறுபடி வெளியிட்டிருந்தார்கள். திரை நிறைய அவள் முகம். உதடு அசைந்தது. யாரோ ஒருத்தியின் குரலில், வருகிறவனையெல்லாம் குழைந்து குழைந்து வரவேற்றது.

நீக்கச் சொல்லி எழுதினாள். பணம் கொடுத்தவரின் சம்மதம் வேண்டும் என்று பணிவாகப் பதில் வந்தது. நாலு வருடமாகப் பேசாதவனுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு போன் போட்டாள். அவன் கோபப்படவில்லை.

"அங்கயாவது இருந்துட்டுப் போயேன்," என்றான். "தினம் போய்ப் பாத்துட்டுதான் வரேன்."

விடாமல் எழுதினாள். கடைசியில், விளையாட்டுக்கு வசனம் எழுதுகிற பெண்ணே கூப்பிட்டாள். முகத்தில் கைவைக்கத் தனக்கு அதிகாரமில்லை, பேச்சு மட்டும்தான் தன் கையில் என்றாள். அப்படியானால் விடுதிக்காரியை எங்காவது ஊரைவிட்டு அனுப்பிவிடுங்கள் என்று இவள் கேட்டாள். அதற்கும் வழியில்லையாம்; அவளிடம் சாவி வாங்கினால்தான் கதை மேலே நகரும்.

"சாவியைக் குடுக்கட்டும்," என்றாள் இவள். "ஆனா வாயைத் திறக்க வேண்டாம்."

விளையாட்டின் அடுத்த திருத்தப் பதிப்பில் விடுதிக்காரியின் குரல் போனது. முகம் அப்படியே இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, சாப்பாட்டு வேளையில் அவனிடமிருந்து செய்தி வந்தது: 'என்ன கோபம் உனக்கு? சாவியை மட்டும் நீட்டற, பேசவே மாட்டேங்கற.'

அவன் எண்ணைத் தடை செய்தாள். விடுதிக்குள் அவன் வருவதைத் தடுக்க அவளிடம் ஒன்றும் இல்லை. கையைக் கழுவிக்கொண்டு, காத்திருந்தவரை உள்ளே கூப்பிட்டாள்.