மச்சாளின் றக்கெட்டில் ஒரு பிளாஸ்ரர்

மச்சாளின் பட்மின்ரன் றக்கெட்டின் கழுத்தில், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்ரர் ஒன்று சுற்றியிருக்கும். காண்பவர்கள் அது வெடித்துவிட்டதென்று நினைத்துப் பரிதாபப்படுவார்கள். உண்மையில் அதற்கு ஒரு கீறல்கூட இல்லை.

மச்சாள் என் மாமாவின் மகள், கரம்பொன்னில் ஆசிரியை. பின்னேரம் காற்று விழுந்ததும் நாங்கள் இருவரும் நாரந்தனைச் சனசமூக நிலைய வளவில் சோடியாக விளையாடுவோம். நாற்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள் துள்ளுவதைப் பார்க்க முதல் கிழமை ஆட்கள் கூடினார்கள். பிறகு அவர்களுக்கே அலுத்துவிட்டது. அந்த ஒரு மணித்தியாலம்தான் மச்சாளுக்கு உயிர். ஆனால் வலது தோளில் நோ. இன்னொரு முறை பிடித்தால் விளையாட்டை விட்டுவிட வேண்டியதுதான் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கனடாவிலிருந்து அவளுடைய அண்ணன், நரம்பு கட்டாத புது றக்கெட் ஒன்றை அனுப்பினார். தகப்பன் இல்லாத வீட்டைத் தூக்கி நிறுத்தியவர் அவர். அவர் அனுப்பும் பொருள் எதுவும் தனியாக வராது, கட்டளையோடுதான் வரும். பிரிட்ஜ் எந்தச் சுவரோடு நிற்கவேண்டும், யன்னல் சீலையின் எந்தப் பக்கம் வெளியே தெரியவேண்டும், எல்லாம் அங்கிருந்தே தீர்மானமாகும். எங்கள் தீவில் பாதி வீடுகளுக்கு நிர்வாகம் ரொறன்ரோவில்தான். “நரம்பை இருபத்தெட்டு இறாத்தல் இறுக்கத்திலை கட்டுவி. இங்கை எல்லாரும் அப்பிடித்தான்” என்றார். றக்கெட்டின் கழுத்திலோ, இருபத்துநாலுக்கு மேல் இழுக்கக்கூடாதென்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. மீறினால் றக்கெட்டின் சட்டகம் நொறுங்கலாம். நொறுங்காவிட்டாலும் ஒவ்வோர் அடியும் நேரே தோளில் இறங்கும்.

“அண்ணைக்கு எடுத்துச் சொல்லுமன்” என்றேன்.

“அண்ணை சொன்னதை மறுத்து நான் ஒருநாளும் கதைச்சதில்லை, மச்சாள்.”

யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் அவள் அந்தப் பொடி எழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். கடையில் நரம்பு கட்டுபவர், “எத்தினை இறாத்தல் போட?” என்று கேட்டபோது நான் அவளைப் பார்த்தேன். மச்சாள் தன் தோளை ஒருமுறை தடவிக்கொண்டாள். “இருபத்தொண்டு போடுங்கோ” என்றாள். வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்கு அழைத்து, “ஓம் அண்ணை, நீங்கள் சொன்ன மாதிரித்தான்” என்று கூசாமல் சொன்னாள். நான் குசினிக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன்.

அடுத்த விடுமுறைக்கு அண்ணன் ஊருக்கு வந்தார். அவர் வருவதற்கு முதல்நாள்தான் அந்த அச்செழுத்தின் மேல் பிளாஸ்ரர் ஏறியது. “பயந்தாங்கொள்ளி” என்று கேலி செய்தேன். அவள் அதன் விளிம்பை நகத்தால் அழுத்தி ஒட்டினாள். அண்ணன் அதே றக்கெட்டால் வெளுத்து வாங்கினார். “பாத்தியே, நான் சொன்ன இறுக்கம்! என்ரை றக்கெட்டையும் அந்தக் கடைக்காரரிட்டைக் குடுத்து இப்பிடியே கட்டுவி” என்றார். அதையும் இருபத்தொன்றிலேயே கட்டுவித்தாள். போன மாதம் கனடாவிலிருந்து அழைத்தவர், தன் முழங்கை நோவும் குறைந்துவிட்டதாகவும், இருபத்தெட்டுக்கு நிகர் இல்லையென்றும் சொன்னார்.

“இனியாவது உந்தப் பிளாஸ்ரரைக் கழட்டுமன்” என்றேன்.

“அண்ணை திரும்பவும் வருவர்தானே. எங்களுக்கு எல்லாத்தையும் சரியாச் செய்து தந்த மனுசன். ஒண்டு பிழைச்சது அவருக்குத் தெரியவேண்டாம்.”

பயமென்று நான் நினைத்தது பாசம். எனக்கு அவள்மேல் இருந்த பிரியம் இன்னும் கூடிப்போயிற்று.

நேற்றும் விளையாடப் போனோம். வியர்வையில் பிளாஸ்ரர் ஊத்தையாகி விளிம்பு கிளம்பியிருந்தது. மச்சாள் அதை உரித்தெறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைச் சுற்றினாள். நான்தான் நுனியைப் பிடித்துக்கொடுத்தேன்.